மார்க்சியத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது: ஆட்களிலிருந்தா, கேள்விகளிலிருந்தா?

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறோம். சட்டம் படிக்கும் மாணவர் இருவர், புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்கும் தம்பி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இன்னும் சிலர் வருகிறார்கள். மார்க்சின் 'மூலதனம்' நூலை முழுதாக வாசித்தவர் எங்களில் எவரும் இல்லை. ஆனால் மார்க்சியம் பற்றி எல்லோருக்கும் உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது.

முதல் கூட்டமே குழம்பிவிட்டது. வந்திருந்த மூத்தவர்களில் ஒருவர் பழைய சமசமாஜி, அதாவது ட்ரொட்ஸ்கிய லங்கா சமசமாஜக் கட்சிக்காரர், மற்றவர் சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்த 1964இல் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று இருவரும் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வேறு எவருக்கும் வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் போட்டிருக்கும் வரிசை இது: மார்க்ஸ், ஏங்கெல்ஸ், கௌட்ஸ்கி, பேர்ன்ஸ்டைன், லெனின், ரோசா லக்சம்பர்க், ட்ரொட்ஸ்கி, மாவோ, கிராம்ஷி, பிராங்பேர்ட் பள்ளி, அல்தூசர். வாரம் ஒருவர். இது சரியா? அல்லது கருத்தாக்கங்களை முதலில் முடித்துவிட்டுச் சிந்தனைப் பள்ளிகளுக்குப் போக வேண்டுமா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியல் கோயில் உள்வீதியில் அறுபத்துமூவரை நிறுத்திவைத்தது போல இருக்கிறது. ஒவ்வொருவர் முன்னும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம், ஒன்றும் விளங்காது. ஆட்களை விடுங்கள். ஒரேயொரு கேள்வியோடு உட்காருங்கள்: எல்லோரும் எல்லாவற்றையும் அதற்குரிய விலைக்கே வாங்கி விற்கிறார்கள் என்றால், இலாபம் எங்கிருந்து வருகிறது?

மார்க்சுக்கு முன்னிருந்த சோசலிஸ்டுகள் பலர், முதலாளி தொழிலாளியை ஏமாற்றுகிறான் என்றார்கள். மார்க்ஸ் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. எவரும் எவரையும் ஏமாற்றாவிட்டாலும் சுரண்டல் நடக்கும் என்று காட்டியதுதான் 1867இல் வந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தின் சாதனை. முதலாளி விலைகொடுத்து வாங்குவது உழைப்பை அல்ல, உழைப்புச் சக்தியை. அதன் விலை, அந்த மனிதன் நாளைக்கும் வேலைக்கு வரத்தக்கபடி உண்டு, உடுத்து, பிள்ளை வளர்ப்பதற்கு ஆகும் செலவு. ஆனால் அந்தச் சக்தியை நாள் முழுவதும் பயன்படுத்தினால் உருவாகும் மதிப்பு அதைவிடப் பெரியது. அந்த இடைவெளிதான் உபரி மதிப்பு.

நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் இருந்தவன். என் சம்பளத்துக்கு ஈடான வேலையை முற்பகலிலேயே முடித்துவிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் முழுவதும் நான் யாருக்காக எழுதினேன்? இதை ஒரு மாலை முழுவதும் பேசுங்கள். கௌட்ஸ்கி காத்திருப்பார்.

வட்டிவீதம் எழுதியது:

ஐயா, ஒரு சிறு ஆட்சேபம். கப்பல் முகவர் நிறுவனத்து எழுதுவினைஞர் உபரி மதிப்பை உருவாக்குவதில்லை என்பதுதான் மார்க்சின் நிலைப்பாடு. மூன்றாம் பாகத்தில் வணிக மூலதனத்தைப் பற்றிப் பேசும்போது அதைத் தெளிவாகவே சொல்கிறார். சரக்கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் உழைப்பு மதிப்பைக் கூட்டுகிறது. பற்றுச்சீட்டு எழுதுவதும் கணக்கு வைப்பதும் வேறிடத்தில் உருவான உபரியில் முதலாளிக்கு ஒரு பங்கை வாங்கித் தருகின்றன, அவ்வளவுதான். உங்கள் பிற்பகல் உழைப்பும் கூலி கொடுபடாததே. ஆனால் அது வேறு கணக்கு.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

அது எனக்கும் தெரியும். முதல் நாளே அதைச் சொன்னால் புடவைக் கடைத் தம்பி இரண்டாம் நாள் வரமாட்டார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவரை வைத்துக்கொள்ளுங்கள், சண்டை முடிந்தது.

பிரட்டுக்களம் எழுதியது:

நான் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், இப்போது கொழும்பில் வேலை. ஐயா சொன்ன இடைவெளியை எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பெயர், அதாவது முழு நாளுக்குரிய கூலி. குறைந்தால் அரைப்பெயர்.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் இலையில் ஒட்டிய நீருக்கு இன்னொரு கழிவு. தராசு அடங்குவதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். எதிர்ப்பக்கம் வரிசையில் நிற்கும் அம்மா, அவர் புத்தகத்தில் எழுதுவதைத் தலைகீழாக வாசிக்கப் பழகியிருந்தார். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். ஆனால் தலைகீழான 8ஐயும் 3ஐயும் ஒரு நொடியில் பிரித்தறிவார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு நண்பர் 'மூலதனம்' முதலாம் பாகத்தின் 21ஆம் அத்தியாயத்தைக் கொடுத்தார். துண்டுக்கூலி பற்றியது. அதில் மார்க்ஸ் சொல்வது இவ்வளவுதான்: துண்டுக்கூலி என்பது நேரக்கூலி போட்டுக்கொண்ட இன்னொரு வேடம். பார்ப்பதற்குத் தொழிலாளி தன் திறமைக்கேற்பச் சம்பாதிப்பதாகத் தெரியும். உண்மையில் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டு, அதை எண்ணிக்கையால் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கூலிமுறை இருக்கும் இடத்தில் மேற்பார்வைக்கு ஆள் குறைவாகவே தேவைப்படும், ஏனென்றால் தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்வார். அம்மா மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு மலையேறியதற்கு எந்தக் கங்காணியும் அதட்டவில்லை.

2021இல் சம்பளச் சபை ஊடாக நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது பல தோட்டங்களில் கிலோ இலக்கும் கூடவே ஏறியது என்ற முறைப்பாடு எழுந்தது நினைவிருக்கும். அந்த அத்தியாயத்தை வாசித்தவர் எவரும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஐயா ஓரிடத்தை வேகமாகக் கடந்துவிட்டார். நாளைக்கும் வேலைக்கு வரத்தக்கபடி உண்டு, உடுத்து என்றீர்கள். யார் சமைத்தது? ஆண்களின் வேலை பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடும். அம்மா மாலை நிறுவை முடிந்து வந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, அடுத்த நாளுக்கான அப்பாவையும் எங்களையும் தயார்செய்வார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. இந்த வேலை உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது?

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

அக்கா, இதை வாசித்தபோது என் பட்டியலில் ஒரு பெண்தான் இருக்கிறார் என்பது உறைத்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட பள்ளி எது?

வட்டிவீதம் எழுதியது:

சமூக மறுவுற்பத்திக் கோட்பாடு. மார்க்ஸ் அந்தக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகவில்லை. உழைப்புச் சக்தி தன்னை மறுவுற்பத்தி செய்துகொள்வதைத் தொழிலாளியின் உயிர்வாழும் ஊக்கத்திடமே முதலாளி நிம்மதியாக விட்டுவிடலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். 1972இல் மரியாரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்சும் அந்த இடத்தில்தான் பிடித்தார்கள்: உழைப்புச் சக்தி என்ற சரக்கை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை வீடுதான், அங்கே வேலைசெய்பவருக்குக் கூலி இல்லை. வீட்டுவேலை மதிப்பை உருவாக்குகிறதா, அல்லது மதிப்பு உருவாவதற்கான நிபந்தனையா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாதம் உண்டு. நான் இரண்டாம் பக்கம்.

நம் நாட்டில் இந்தத் திசையில் முக்கியமானவர் குமாரி ஜயவர்தன. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1972இல் வந்தது. தோட்டப் பெண்கள் பற்றி ரேச்சல் குரியனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. வாசிப்பு வட்டத்தில் கிராம்ஷிக்கு முன்பே இதற்கு ஒரு வாரம் கொடுக்கலாம்.

இன்னொன்று. தோட்டம் முதலாளித்துவமா? கேட்பதற்கு வீண் கேள்வி போல இருக்கும். கூலி இருக்கிறது, இலாபம் இருக்கிறது, இலண்டன் சந்தை இருந்தது. எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட பெரிய நூலில் வேறு விடை சொன்னார். கொழும்பின் முகவர் நிறுவனங்களைப் பிடித்திருந்தது வணிக மூலதனம். அதற்கு உற்பத்தி முறையைப் புரட்டிப்போடும் தேவையே எழவில்லை. மார்க்ஸ் இதற்கென்றே ஒரு வேறுபாட்டை வைத்திருக்கிறார். வேலைநாளை நீட்டிப் பெறுவது தனி உபரி மதிப்பு. இயந்திரத்தாலும் ஒழுங்கமைப்பாலும் உற்பத்தித்திறனை உயர்த்திப் பெறுவது சார்பு உபரி மதிப்பு. மலிவான ஆள் லயத்தில் அடைபட்டுக் கிடக்கும்போது இரண்டாவது வழிக்கு யார் பணம் போடுவார்கள்? நூற்றாண்டு கடந்தும் கொழுந்து பெரும்பாலும் கையால்தான் பறிக்கப்படுகிறது.

ஒத்துவராதவன் எழுதியது:

சபாஷ். இப்போது ஒரு வெளியாள் பேசலாமா?

முதலாவது, உழைப்புமதிப்புக் கோட்பாட்டை ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896இலேயே உடைத்துவிட்டார். முதலாம் பாகத்தில் பண்டங்கள் உழைப்பின் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளப்படுகின்றன என்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் இலாபவீதம் எல்லாத் துறையிலும் சமப்படுவதால் விலைகள் மதிப்பிலிருந்து விலகுகின்றன என்கிறார்கள். எது உண்மை? இரண்டாவது, 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் வீடுகளை எரித்தவர்கள் முதலாளிகளா? எரிந்த கடைகளில் வேலை செய்தவர்களுக்கும் எரித்த கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் வர்க்க அடிப்படையில் என்ன வேறுபாடு? பொருளாதாரம் என்ற அடித்தளம் அரசியல், சட்டம், சமயம் என்ற மேற்கட்டுமானத்தைத் தீர்மானிக்கிறது என்ற சூத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த ஒரு வாரத்தை விளக்கிக்காட்டுங்கள். என் குடும்பம் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன குடும்பம். பாடப்புத்தக விடை வேண்டாம்.

வட்டிவீதம் எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. முரண்பாடு இருக்கிறது, அது மறைக்கப்பட்டதும் அல்ல. மூன்றாம் பாகத்தின் கையெழுத்துப்படியின் பெரும்பகுதியை மார்க்ஸ் முதலாம் பாகம் அச்சேறும் முன்பே எழுதிவிட்டார். ஏங்கெல்ஸ் பதிப்பித்து வெளியிட்டதுதான் 1894இல். மதிப்பிலிருந்து விலைக்கு மாறும் கணக்கை போர்ட்கீவிச் 1907இல் திருத்தினார். ஸ்ராஃபாவின் 1960 நூல், விலையைக் கணிக்க உழைப்புமதிப்பு வழியாகச் சுற்றிவரத் தேவையில்லை என்ற முடிவுக்கு வழிவிட்டது. அதன்பின் மார்க்சியப் பொருளியலாளர்கள் பிரிந்தார்கள். ஒரு சாரார் ஸ்ராஃபாவை ஏற்று உழைப்புமதிப்பைக் கைவிட்டார்கள். இன்னொரு சாரார், மதிப்புக் கோட்பாடு விலையைக் கணிக்கும் கருவியே அல்ல, சந்தைக்காக உற்பத்தி செய்யும் சமூகத்தில் மனிதரின் உறவு பொருட்களின் உறவாக ஏன் தோற்றமளிக்கிறது என்பதை விளக்குவது என்கிறார்கள். முதல் அத்தியாயத்தின் சரக்கு வழிபாட்டுப் பகுதியை மையத்தில் வைப்பவர்கள் இவர்கள். நான் இவர்கள் பக்கம் சாய்கிறேன், ஆனால் போம்-பாவெர்க்கை வாசிக்காமல் சாய்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்வியை மற்றவர்கள் பேசட்டும்.

பழைய பத்திரிகை வாசகி எழுதியது:

பேசுகிறேன். ஒத்துவராதவன் சொல்லும் சூத்திரம் மார்க்ஸ் 1859இல் எழுதிய முன்னுரையின் ஒரு பந்தியிலிருந்து எடுத்து இறுக்கிக் கட்டப்பட்டது. ஏங்கெல்ஸ் தன் வாழ்நாளிலேயே அதை மறுத்து, 1890இல் யோசெப் பிளாக் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் பொருளாதாரம் மட்டுமே தீர்மானிக்கும் காரணி என்று தானும் மார்க்சும் ஒருபோதும் சொன்னதில்லை என்றார். கடைசியில் தீர்மானிப்பது உற்பத்தியும் மறுவுற்பத்தியும். ஆனால் அரசியலும் சட்டமும் சமய நம்பிக்கையும் போராட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் சுவாரசியமான பள்ளிகள் அந்தக் கடிதம் விட்டுவைத்த இடைவெளியில்தான் வளர்ந்தன. முசோலினியின் சிறையில் இருந்த கிராம்ஷி, தொழிலாளர்கள் ஏன் தங்கள் நலனுக்கு எதிரானவர்களின் பின்னால் போகிறார்கள் என்று கேட்டார். ஆளும் வர்க்கம் தடியால் மட்டும் ஆள்வதில்லை. பள்ளிக்கூடம், பத்திரிகை, ஆலயம் ஊடாகத் தன் பார்வையை ஊரின் பொதுப்புத்தியாக்கிச் சம்மதத்தோடு ஆள்கிறது. அல்தூசர் 1962இல் எழுதிய கட்டுரையில் ஒரு முரண்பாடு தனியாக வெடிப்பதில்லை என்றார். பல முரண்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து ஒரு புள்ளியில் வெடிக்கின்றன. அவர் அதை மிகைநிர்ணயம் என்றார்.

இவை பாரிசுக்கும் ரோமுக்கும் மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். 1988இல் இளவயதிலேயே மறைந்த இலங்கைச் சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க இந்தக் கருவிகளை எடுத்து 1983ஐ நேராகவே பார்த்தார். 1977க்கு முந்திய மூடிய பொருளாதாரத்தில் இறக்குமதி அனுமதிப்பத்திரமும் பங்கீடும் அரசியல்வாதியின் கையில் இருந்தன. அந்த நிழலில் சிங்களச் சிறு தொழில் முதலாளிகள் வளர்ந்தார்கள். கதவு திறக்கப்பட்டதும் இறக்குமதிப் பண்டம் அவர்களை அடித்தது. அரசியல் சிபாரிசு இல்லாமலே பழக்கப்பட்ட தமிழ் வணிகர் சிலருக்குச் சந்தை வாய்ப்பளித்தது. நகர ஏழைகளுக்கு மானியம் குறைந்தது. இத்தனையும் பல பத்தாண்டுகளாக ஊறிய பேரினவாதப் பொதுப்புத்தியின்மேல் வந்து விழுந்தன. அரசு இயந்திரம் கையைக் கட்டி நின்றது, சில இடங்களில் கைகொடுத்தது. இது முழு விளக்கம் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் வர்க்கம் என்று ஒரே சொல்லில் தட்டிக்கழிக்கும் விளக்கமும் இது அல்ல.

ஒத்துவராதவன் எழுதியது:

வாசித்துப் பார்க்கிறேன். ஆனால் இதைச் சொன்னவர் ஒரு கல்வியாளர். இடதுசாரிக் கட்சிகள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்டால் கதை வேறு.

சுன்னாகம் சந்தி எழுதியது:

அந்தக் கதையை நான் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் குடியேறி நீண்ட காலம் ஆகிறது, பிறந்தது வலிகாமம். வெள்ளவத்தைக் கூட்டத்தில் சண்டை போட்ட இருவரில் ஒருவன் நான்தான். தம்பி பெயர் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

1964 வீண் பேச்சு இல்லை. இளையவர்களுக்குச் சலிப்பாக இருந்தால் அது நாங்கள் பேசிய விதத்தின் குறை, விடயத்தின் குறை அல்ல. இரண்டு கோட்பாடுகள் மோதின. கம்யூனிஸ்ட் கட்சியின் கோடு இரண்டு கட்டப் புரட்சி: பின்தங்கிய நாட்டில் முதலில் தேசிய முதலாளிகளோடு சேர்ந்து ஏகாதிபத்தியத்தை எதிர்க்க வேண்டும், சோசலிசம் பிறகு. ட்ரொட்ஸ்கியின் நிரந்தரப் புரட்சி அதற்கு நேர் எதிர்: தாமதமாக முதலாளித்துவத்துக்குள் இழுக்கப்பட்ட நாட்டில் முதலாளி வர்க்கம் அந்நியனுக்கும் நிலப்பிரபுவுக்கும் கட்டுண்டு கிடப்பதால் ஜனநாயகக் கடமைகளைக்கூட நிறைவேற்றாது. நிலமும் தேசிய இனப் பிரச்சினையும் தொழிலாளி வர்க்கம் தலைமையேற்றால்தான் தீரும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் கோட்பாட்டை ஆசியாவிலேயே பெரிய அளவில் தூக்கிப்பிடித்த கட்சி, 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி. மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்கள். 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் முன்நின்றவர்கள். அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகி நாடே கொதித்த நாள் அது. 1956இல் ஒரு மொழி என்றால் இரு நாடு ஆகும் என்று அதன் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். அதே கட்சி 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவின் கூட்டணியில் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் அவர்களை வெளியேற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில், மலையகத் தமிழரை இரு நாடுகளுக்கும் பங்கிட, இந்தியாவுடன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி எண்ணுவது போலப் பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்கவில்லை. 1972இல் அரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது.

எந்தக் கோட்பாட்டை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும், சிங்கள வாக்காளனை இழந்துவிடுவோம் என்ற பயத்துக்கு முன் அது நிற்கவில்லை.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

மற்றவன் நான். 1964 மாநாட்டில் எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் வெளியேறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தோழர். 1948 முதல் 2014இல் கண்ணை மூடும்வரை பாலா தம்பு எங்கள் மேர்க்கன்டைல் சங்கத்தின் பொதுச்செயலாளர். அமைச்சர் பதவி வாசலில் நின்றபோதும் போகாதவர்கள் இருந்தார்கள்.

உங்கள் பீக்கிங் பிரிவு மட்டும் என்ன செய்தது? ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோஹண விஜேவீர எங்கிருந்து வந்தார்?

சுன்னாகம் சந்தி எழுதியது:

எங்கள் கட்சியிலிருந்துதான் வெளியே போனார், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஒரு கணக்கு வரவில் இருக்கிறது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனது, பொலிஸ் தடியால் அடித்தது. பிறகு தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நுழைவுப் போராட்டங்கள். மாவோவின் நூலில் யாழ்ப்பாணத்துச் சாதி பற்றி ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு சமூகத்திலும் முதன்மை முரண்பாடு எது என்று தேடு என்ற 1937 கட்டுரையின் அறிவுரையைத் தோழர்கள் வடக்கின் தெருக்களில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே முதலாளியும் தொழிலாளியும் தெரியவில்லை. தனிப் போத்தலில் தேநீர் கொடுக்கப்பட்டவனும் குவளையில் குடித்தவனும் தெரிந்தார்கள். சாதி மேற்கட்டுமானத்தின் எச்சம், சோசலிசம் வந்தால் தானே மறையும் என்று தமிழ் இடதுசாரிகளே பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நிலமும் கிணறும் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் சாதி அடித்தளத்திலேயே இருப்பது தெரியும்.

பிரட்டுக்களம் எழுதியது:

விஜேவீரவின் பெயர் வந்ததால் கேட்கிறேன். 1971 கிளர்ச்சிக்கு முன் ஜே.வி.பி.யின் ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அதில் நாங்கள் யார்? சுரண்டப்படும் தொழிலாளர்களில் மிக அடிமட்டத்தில் இருந்தவர்களை விஸ்தரிப்பின் கருவியாகப் பார்க்க எந்த மார்க்சியம் கற்றுக்கொடுத்தது? 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட கோவிந்தன் சமசமாஜத் தொழிற்சங்கப் போராட்டத்தில் விழுந்தவர். முப்பது வருடத்தில் கோவிந்தனின் பிள்ளைகள் அந்நியர்களாகிவிட்டார்கள். நீங்கள் இருவரும் 1964ஐப் பேசும்போது நாங்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறோம். 5,25,000, 3,00,000. எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன குடும்பங்களின் லயக்காம்பராக்கள் இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

மூன்று சக்கரம் எழுதியது:

நான் தெமட்டகொடையில் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். சரித்திரம் எனக்குத் தூரம். ஆனால் அக்கா சொன்ன 21ஆம் அத்தியாயம் எனக்கு வேண்டும். செயலியில் ஓடுகிறேன். வண்டி என்னுடையது, தவணை என்னுடையது, பெற்றோல் என்னுடையது, டயர் என்னுடையது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு வீதம் அவர்களுக்கு. கங்காணி கிடையாது. வாடிக்கையாளர் குறைந்த நட்சத்திரம் போட்டால் காரணம் கேட்க ஒரு மனிதரும் கிடையாது. நான் தொழிலாளியா, சிறு முதலாளியா? சங்கம் அமைக்கப் போனால் நீ சுயதொழில்காரன் என்கிறார்கள்.

வட்டிவீதம் எழுதியது:

அண்ணன், நல்ல கேள்வி, சண்டைக்குரிய கேள்வியும்கூட. வண்டி உங்கள் பெயரில் இருப்பதை வைத்துப் பார்த்தால் சிறு உடைமையாளர். ஆனால் கட்டணத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, வாடிக்கையாளரை நீங்கள் பிடிப்பதில்லை. மாறா மூலதனத்தின், அதாவது வண்டி, பெற்றோல் போன்றவற்றின், செலவையும் தேய்மானத்தையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டு, துண்டுக்கூலி கொடுக்கிறார்கள் என்று வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மார்க்ஸ் இதை மூலதனத்தின்கீழ் உழைப்பு வடிவரீதியாக அடங்குவது, உண்மையாகவே அடங்குவது என்று இரண்டாகப் பிரிப்பார். பழைய தொழிலைப் பழைய முறையிலேயே செய்ய விட்டு இலாபத்தை மட்டும் எடுப்பது முதலாவது. வேலையின் முறையையே மாற்றிவிடுவது இரண்டாவது. செயலி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதலாளி இலாபத்தைவிட வாடகைதான் எடுக்கிறான் என்று வாதிடுபவர்களும் உண்டு, மூன்றாம் பாகத்தின் வாடகைப் பகுதியை வைத்து.

இன்றைய கொழும்புக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசின் கடன்பத்திரங்களை, தொடவில்லை. தொழிலாளரின் சேமலாப நிதி வைத்திருந்த முறிகளுக்கு வட்டியைக் குறைத்தார்கள். ஏற்காவிட்டால் 30 சதவீத வரி. ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமுமாகச் சேரும் பணம் அது. இதை விளக்க டேவிட் ஹார்வேயின் 'பறித்தல் வழித் திரட்டல்' என்ற கருத்து கைகொடுக்கும். அது 2003இல் வந்தது. ஆதித் திரட்டல், அதாவது மக்களின் நிலத்தையும் உடைமையையும் பறித்து மூலதனம் சேர்ப்பது, வரலாற்றின் தொடக்கத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை ரோசா லக்சம்பர்க் 1913இலேயே சொல்லிவிட்டார்.

ஒத்துவராதவன் எழுதியது:

இப்போது ஆள்பவர்களே, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்தி, மார்க்சிய மரபிலிருந்து வந்தவர்கள்தானே? 2024 நவம்பரில் 225இல் 159 ஆசனம். யாழ்ப்பாணமும் சேர்த்து. அதே நாணய நிதிய ஒப்பந்தத்தைத்தான் கொண்டுபோகிறார்கள். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க 2006இல் நீதிமன்றம் போனவர்களும் அவர்கள்தான்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சிப் பிரசாரமோ வசையோ வேண்டாம். கோட்பாட்டோடு சேர்த்துப் பேசினால் இழை திறந்திருக்கும்.

பழைய பத்திரிகை வாசகி எழுதியது:

கோட்பாட்டோடே பேசலாம். 1969 முதல் மார்க்சிய அறிஞர்களான மிலிபாண்டும் புலான்ட்சாசும் வாதிட்டது இதைத்தான். அரசின் நாற்காலிகளில் எந்த வர்க்கத்து ஆட்கள் அமர்கிறார்கள் என்பது முக்கியமா, அல்லது யார் அமர்ந்தாலும் மூலதனத்தின் ஓட்டத்தைக் காப்பாற்றியே தீரவேண்டிய அமைப்பு முக்கியமா? மிலிபாண்ட் ஆட்களையும் அவர்களின் உறவுகளையும் பார்த்தார். புலான்ட்சாஸ் அமைப்பைப் பார்த்தார். சமூகவியலாளர் ஹம்சா அலவி 1972இல் பாகிஸ்தானையும் வங்காளதேசத்தையும் வைத்து மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: காலனி விட்டுச்சென்ற அரசு உள்ளூர் வர்க்கங்களைவிடப் பெருத்தது, அதனால் அவற்றிலிருந்து ஓரளவு விலகி நின்று இயங்கும். இலங்கைக்கு எனக்கு அலவிதான் நெருக்கமாகத் தெரிகிறார். 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்த அரசு, அதே ஆண்டில் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டவர்களைக் கலைக்கப் படையை வைத்திருந்தது.

இலக்கியத்தையும் ஒரு வரி. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். பழந்தமிழ் இலக்கியத்தை அதன் சமூகத்தோடு சேர்த்து வாசிக்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். பிராங்பேர்ட் பள்ளியின் அடோர்னோவை விட்டாலும் இவர்களை விடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

பட்டியலைக் கிழித்துவிட்டேன். அடுத்த சனி 21ஆம் அத்தியாயம், தியாகுவின் தமிழாக்கத்தில். ஒளிப்பிரதி எடுத்து வைக்கிறேன், மூன்று சக்கர அண்ணனுக்கும் ஒன்று. வருபவர்கள் தங்கள் சம்பளப் பட்டியலையோ ஓட்டக் கணக்கையோ கொண்டுவர வேண்டும், பெயரை மறைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த வாரம் வீட்டுவேலை, பிரட்டுக்களம் அக்கா தொடங்கிவைப்பார். பிறகு தோட்டம் முதலாளித்துவமா என்ற கேள்வி. 1964க்கு ஒரு முழு மாலை, மூத்தவர் இருவரும் சரிபாதி நேரம், நடுவில் அக்கா.

ஒத்துவராதவன் எழுதியது:

நானும் வருகிறேன். போம்-பாவெர்க்குக்கு அரை மணி நேரம் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

இருபது நிமிடம். கேள்வி நேரம் தனி.